ஊளை அடங்கட்டும் என்று காத்திருந்தோம்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் பேச வந்து, பேச முடியாமல் பாதியிலேயே உட்கார்ந்துவிட்ட வெல்டர் அவர்களே! நாற்காலி போதாமல் பழைய டயர்களை அடுக்கிப் போட்டு உட்கார்ந்திருக்கும் பட்டறைத் தோழர்களே! தம்பியைப் பறிகொடுத்துவிட்டு முன் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் அக்கா அவர்களே! முன் வரிசையில் இடம் போட்டு வைத்தும் அங்கே வராமல், வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் தனியாகப் போய் உட்கார்ந்திருக்கும் அண்ணி அவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

வணக்கம் சொல்லியாயிற்று. அடுத்து ஆறுதல் சொல்ல வேண்டும். இரங்கல் கூட்டம் என்றால் அதுதானே முறை? ஆனால் என்னிடம் ஆறுதல் இல்லை. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இருப்பதுபோல் நடிக்கவும் எனக்கு வராது. என்னைத் தெரியாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன்: நம் ஹெட்மாஸ்டர் தயார் செய்து தரும் ஹெட்டை வாங்கி இன்ஜின் கட்டுகிறவன் நான். அவர் அறைக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அவரோடு சண்டை போட்டே எனக்கு வயதாகிவிட்டது. இனி நான் யாரோடு சண்டை போடுவேன்?

ஹெட்மாஸ்டர்! இந்தச் சுற்று வட்டாரத்தில் வண்டி வைத்திருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். அவர் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஹெட்மாஸ்டர் இல்லை. சிலிண்டர் ஹெட்டில் கை வைக்கிறவர் என்பதால் பட்டறையில் யாரோ விளையாட்டாக வைத்த பெயர் அது. ஒருமுறை ஒரு தகப்பனார், மகளுக்கு ஸ்கூலில் இடம் வேண்டும் என்று யாரிடமோ ஹெட்மாஸ்டருக்கு வழி கேட்டு, நேராக நம் பட்டறைக்கே வந்துவிட்டார். கையில் கிரைண்டரும் முகமெல்லாம் அலுமினியத் தூளுமாக நின்ற நம் ஆள் கொஞ்சம்கூடச் சிரிக்காமல், "சேத்துக்கலாங்க. ஆனா நம்மகிட்ட வந்தா முதல்ல மூச்சு நல்லா வருதான்னுதான் டெஸ்ட் பண்ணுவோம், பரவாயில்லையா?" என்று கேட்டார். அந்தத் தகப்பனார் முழித்த முழி இருக்கிறதே! நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்படியெல்லாம் சிரித்த இடம்தான் இது.

மூச்சு என்று அவர் சொன்னது வெறும் கேலி இல்லை. இன்ஜினுக்குப் பெட்ரோல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். காற்று உள்ளே போகும் வழியும், எரிந்த புகை வெளியே வரும் வழியும் இருப்பது சிலிண்டர் ஹெட்டில். போர்ட் என்று சொல்வோம். ஆலையில் வார்த்து வரும்போது அந்த வழியில் மேடு இருக்கும், பள்ளம் இருக்கும், திருப்பத்தில் துருத்திக்கொண்டு ஏதாவது நிற்கும். காற்று முட்டி மோதித் திணறித்தான் உள்ளே போகும். நம் ஹெட்மாஸ்டர் விரல் தடிமன்கூட இல்லாத சுழல்கல்லை அந்தத் துளைக்குள் விட்டுத் தேய்த்து, காற்றுக்குப் பாதை போட்டுக் கொடுப்பார். அதே இன்ஜின், அதே பெட்ரோல். ஆனால் வண்டி வேறு வண்டியாகிவிடும்.

நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. துளையைப் பெரிதாக்கினால் பவர், பளபளப்பாக்கினால் அதைவிடப் பவர்! ஒரு கார்க்காரர் வந்து, "உள்ளே அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். ஹெட்மாஸ்டர் என்ன சொன்னார்? "அதுக்குள்ள தலையை விட்டு யாருங்க முகம் பாக்கப் போறா? உள்ளே போற வழி கொஞ்சம் சொரசொரப்பா இருந்தாத்தான் பெட்ரோல் காத்தோட கலக்கும். பளபளன்னு வேணும்னா பானெட்டுக்கு மெழுகு போடுங்க" என்றார். கார்க்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். வேறு எங்கோ கொடுத்துக் கண்ணாடிபோல் தேய்த்து வாங்கிக்கொண்டு, வண்டி திக்கித் திக்கி ஓட ஆரம்பித்ததும் இங்கேயே திரும்பி வந்தார். வந்தவரிடம் ஒரு வார்த்தை குத்திக் காட்டினாரா? இல்லையே! நானாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவர் ஹெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தேய்ச்ச கை நல்ல கைதான். தேவையில்லாத இடத்துல உழைச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பள்ளிக்கூட வேனை நினைத்துப் பாருங்கள். மேட்டுத் தெருவில் ஏற முடியாமல் மூச்சு வாங்கும். பிள்ளைகள் இறங்கி நடப்பார்கள், வேன் காலியாக ஏறும், மேலே போய் மறுபடி பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும். எல்லோரும் "புது இன்ஜின் போடு" என்றோம். நானும் அதைத்தான் சொன்னேன். இவர் அந்த ஹெட்டை வாங்கி, போர்ட்டைப் பெரிதாக்கவில்லை. வெல்டரைக் கூப்பிட்டு அடியில் உலோகம் வைக்கச் சொல்லி, வழியைச் சிறிதாக்கினார்! எனக்குத் தலை சுற்றியது. "என்னண்ணே, பவர் கேட்டு வந்தவனுக்கு வழியை அடைக்கிறீங்க?" என்று கத்தினேன். "ஓஸ் பைப் வாயில விரலை வச்சு அழுத்தினா தண்ணி எப்படிப் பீய்ச்சும்? வேன் மெதுவா ஏறுறப்போ அதுக்கு நிறைய காத்து வேணாம், வேகமான காத்து வேணும்" என்றார். மறுவாரம் அந்த வேன் பிள்ளைகளோடு மேட்டுத் தெருவில் ஏறியது. இறங்கி ஆட்டம் போட்டுக்கொண்டு நடக்க முடியவில்லையே என்று பிள்ளைகள்தான் அவரைத் திட்டினார்கள்.

தவறே செய்யாதவரா? செய்தார். ஒரு டாக்ஸிக்கார அண்ணனின் ஹெட்டில் ஒரு மயிரிழை அதிகமாகத் தேய்த்து, சுவர் ஓட்டையாகி, பின்னால் தண்ணீர் ஓடும் அறைக்குள் கல் போய்விட்டது. ஹெட் வீண். நம் தொழிலில் இது எல்லோருக்கும் நடக்கும். நடந்ததும் நாம் என்ன செய்வோம்? வார்ப்பே கோளாறு என்போம், ஏற்கெனவே விரிசல் இருந்தது என்போம். இவர் நேராகத் தன் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்ற தன் சொந்தக் காரிலிருந்து அதே வகை ஹெட்டைக் கழற்றி, தேய்த்து, டாக்ஸிக்குப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கார் நகரவே இல்லை. அண்ணி அதன்மேல் துணி காயப்போட ஆரம்பித்தார். "என் காருக்கு வேற யாரு இப்படி தினம் புதுச் சட்டை போட்டு விடுவா?" என்று இவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

தோழர்களே, இதுவரை நான் சொன்னதெல்லாம் சொல்ல எளிதானது. இனிமேல் சொல்லப்போவது எளிதில்லை. தலைவர் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்கா அவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இந்த நாலு நாளாக ஊருக்குள் ஒரு பேச்சு ஓடுகிறது. என் காதில் விழுந்தது, உங்கள் காதிலும் விழுந்திருக்கும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அண்ணியின் காதிலும் விழுந்திருக்கிறது. அதனால்தான் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

ஊளைப்பெட்டி! அதைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அளந்து பார்க்காமல் ஹெட்மாஸ்டர் எதையும் நம்ப மாட்டார். வீடு சுத்தம் செய்யும் வேக்குவம் கிளீனர்களின் மோட்டார்களைச் சேர்த்து, ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் பொருத்தி, அவரே செய்த மெஷின் அது. ஃப்ளோ பெஞ்ச் என்று பெயர். பெட்டியின்மேல் ஹெட்டை வைத்துச் சுவிட்சைப் போட்டால், மோட்டார்கள் போர்ட் வழியாகக் காற்றை இழுக்கும். பக்கத்தில் சாய்த்து வைத்த கண்ணாடிக் குழாயில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் ஏறி, எவ்வளவு காற்று போகிறது என்று காட்டும். ஒரு திருகைத் திருகி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார், ஒவ்வொரு திறப்பிலும் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார், பிறகு நிறுத்திவிட்டு மறுபடி தேய்ப்பார். ஓடும்போது அது போடுகிற சத்தம் தெரு முனை வரை கேட்கும். அதனால்தான் ஊளைப்பெட்டி.

அந்தத் தண்ணீருக்கு ஒரு குணம். கதவைத் திறந்தால் ஆடும். வெளிக்காற்று ஒரு துளி அடித்தாலும் ஆடும். காலையில் பார்த்த அளவும் மதியம் பார்த்த அளவும் ஒத்துவராமல் மனுஷன் பைத்தியம் பிடித்தவர்போல் அலைந்தார். கடைசியில் கண்டுபிடித்தார்: "அண்ணே டீ வேணுமா?" என்று யாராவது தலையை நீட்டும்போதெல்லாம் அளவு பொய்யாகிறது! அன்றைக்கு ஒரு சட்டம் போட்டார். ஜன்னலை அடைத்தார். மின்விசிறியைக் கழற்றினார். "ஊளை கேட்டா யாரும் உள்ளே வரக் கூடாது. ஊளை அடங்கட்டும், அப்புறம் வாங்க."

நாங்கள் கேலி செய்தோம். "உள்ளே என்ன பிரசவமா நடக்குது?" என்று வெல்டர் கேட்டார். ஆனால் கேலி செய்துகொண்டே கட்டுப்பட்டோம். கட்டுப்பட்டதோடு விட்டோமா? பெருமைப்பட ஆரம்பித்தோம்! இதோ இந்தத் தலைவர் அவர்களே ஒருநாள் அவசரம் என்று வந்து, ஊளை கேட்டதும் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நாங்களே வாயில் விரலை வைத்து, "உஷ், ஊளை அடங்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தோம். அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. தாழ்ப்பாள்கூடக் கிடையாது. ஒரு விரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். ஆனால் நாங்கள் தள்ள மாட்டோம். அப்படிப்பட்ட பட்டறை இது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம்.

அக்கா அவர்களே, உங்கள் தம்பிக்கும் அண்ணிக்கும் நடந்த ஒரு சண்டை உங்களுக்குத் தெரியுமா? சட்டம் போட்ட புதிதில் அண்ணி சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்து, ஊளை கேட்கும்போதே கதவைத் திறந்துவிட்டார். இவர் உள்ளேயிருந்து, "அறிவில்லையா? சாத்து!" என்று கத்தினார். நாங்கள் எல்லோரும் கேட்டோம். அண்ணி சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் இவர் கிரைண்டரை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். அண்ணியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். மெஷினைப் போட்டு, கதவைத் திறந்து மூடிக் காட்டினார். சிவப்புத் தண்ணீர் ஆடுவதைக் காட்டினார். "இதுக்காகத்தான் கத்தினேன். உன்மேல கோபம் இல்ல" என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். அண்ணி அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு நுணுக்கமான வேலையா நீங்க செய்றீங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து இந்தச் சட்டத்தை எங்களைவிட அதிகமாகக் காப்பாற்றியவர் அண்ணிதான். ஊளை கேட்டால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் வருவார். சாப்பாட்டு அடுக்கை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவார். பயத்தால் இல்லை. அவர் வேலைமேல் இருந்த பிரியத்தால்.

அன்றைக்கும் அதைத்தான் செய்தார்.

அன்று மதியம் பெஞ்சில் இருந்தது, பைக் பந்தயத்தில் ஓட்டுகிற நம் தங்கையின் ஹெட். அவரும் இங்கே இருக்கிறார். காற்று உள்ளே போகும் போர்ட் முடிந்துவிட்டது, புகை வெளியே வருகிற போர்ட் பாக்கி. காலையில் ஹெட்மாஸ்டர் என்னிடம் வந்து, "இந்த ஹெட்டு நல்லா பேசுதுய்யா. இன்னும் கொஞ்சம் கேட்டா இன்னும் கொஞ்சம் குடுக்கும்போல இருக்கு" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. அந்த அறையில் எப்போதும் வியர்வைதான். விசிறி இல்லாத, ஜன்னல் அடைத்த அறையில் வேறென்ன இருக்கும்? நான் ஒன்றும் நினைக்கவில்லை. உள்ளே போனார். கதவைச் சாத்தினார். ஊளை ஆரம்பித்தது.

தொழில் தெரிந்தவர்களே, இப்போது நான் சொல்வதை நீங்கள்தான் சரியாகப் புரிந்துகொள்வீர்கள். வால்வைத் திறக்கத் திறக்க ஊளையின் சுருதி மாறும் அல்லவா? ஒவ்வொரு திருகலுக்கும் படிப்படியாக இறங்கும் அல்லவா? சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே அவர் எத்தனையாவது திறப்பில் இருக்கிறார் என்று நான் சொல்லிவிடுவேன். அன்றைக்கு அது இறங்கவில்லை. ஒரே சுருதி! ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என் காதில் விழுந்தது. கேட்டுக்கொண்டே போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தேன். என்ன நினைத்தேன் தெரியுமா? 'மனுஷன் எதையோ பிடித்துவிட்டார், ஒரே அளவில் நின்று விடாப்பிடியாகப் பார்க்கிறார்' என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன், தோழர்களே! திருகுவதற்கு அங்கே கை இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணி வந்தார். கதவருகே நின்றார். ஊளை கேட்டார். அடுக்கை ஸ்டூலில் வைத்தார். வெல்டரிடம், "ஊளை அடங்கினதும் மறக்காம சாப்பிடச் சொல்லுங்க. நேத்தே சரியா சாப்பிடல" என்று சொன்னார். வெல்டர் தலையாட்டினார். நான் தலையாட்டினேன். அண்ணி போய்விட்டார்.

பிறகு எப்போது கதவைத் திறந்தோம்? சொல்லவே நா கூசுகிறது. வயர் கருகுகிற நாற்றம் வந்தது. வெல்டர், "மோட்டார் எரியுதுடா!" என்று கத்தினார். எல்லோரும் பதறியடித்து ஓடினோம். யாருக்காக ஓடினோம்? மோட்டாருக்காக ஓடினோம்! மோட்டார் எரிகிறது என்றதும் சட்டத்தை மறந்து கதவை உதைத்துத் திறந்தோம். மெஷினைக் காப்பாற்றப் போன இடத்தில்தான் மனுஷன் தரையில் கிடந்ததைப் பார்த்தோம். பெஞ்சின் காலில் முதுகைச் சாய்த்து, கதவைப் பார்த்தபடி கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "மாரடைப்பு. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்றார். நல்ல மனிதர், மனம் நோகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கொஞ்சம் இருக்கிறதே, அதை என்னால் தாங்க முடியவில்லை. கொஞ்சம் என்றால் எவ்வளவு? அண்ணி கதவருகே நின்றபோதா? அதற்கும் முன்பா? நான் ஒரே சுருதியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேனே, அப்போதா? டாக்டரிடம் கேட்டேன். "அதை இப்ப சொல்ல முடியாதுங்க" என்றார். மயிரிழைக்கு மயிரிழை அளந்து வாழ்ந்த மனுஷனுடைய சாவுக்கு ஒரு அளவு கிடைக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு குரல் எழுந்தது. "சாப்பாடு கொண்டுபோனவ ஒரு தட்டு தட்டியிருக்கக் கூடாதா? கட்டினவளுக்குக்கூடத் தோணலையா?" அக்கா அவர்களே, நீங்கள் வயிறு எரிந்து சொன்னீர்கள். தம்பியைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள். உங்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் நீங்கள் ஒரே ஒரு முறை சொன்னதை இந்த ஊர் நூறு முறை சொல்கிறது. கடைத்தெருவில் சொல்கிறது, பஸ்ஸில் சொல்கிறது. இந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் சிலர்கூட உள்ளே நுழையும்போது அண்ணியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் பார்த்தேன்.

தட்டியிருக்கக் கூடாதா? அண்ணி மட்டும்தானா தட்டாமல் போனார்? வெல்டர் அந்தக் கதவைத் தாண்டி எத்தனை தடவை நடந்தார்? பந்தயத் தங்கை அண்ணிக்கு முன்பே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்துவிட்டுப் போனாரே, அவர் தட்டினாரா? சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த நான் தட்டினேனா? தட்டாமல் இருப்பதைப் பெருமை என்று ஊருக்கே கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள். சட்டம் போட்டவர் அவர், காவல் காத்தவர்கள் நாங்கள், கடைசியில் பழி மட்டும் அண்ணிக்கா? இது எந்த ஊர் நியாயம்? இனி இந்தக் கூட்டத்தில் இருக்கும் யாராவது அண்ணியைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னால், முதலில் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். கேட்டுக்கொள்கிறேன்.

இதைச் சொன்னால் அண்ணியின் மனம் ஆறிவிடுமா? ஆறாது. எனக்குத் தெரியும். ஊர் சொல்வதை நிறுத்தினாலும் அவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வதை யார் நிறுத்துவது?

தலைவர் அவர்கள் உறுதிமொழிக்கு என்னை அழைத்திருக்கிறார். 'அவர் விட்டுச் சென்ற பணியை அவர் செய்தபடியே செய்வோம்' என்று எல்லோரையும் எழுந்து நின்று சொல்லச் சொல்லியிருக்கிறார். தலைவர் அவர்களே, என்னை மன்னிக்க வேண்டும். பணியைச் செய்வோம். பந்தயத் தங்கையின் ஹெட்டை முடித்துக் கொடுப்போம். கருகிய மோட்டாரை மாற்றுவோம். வெல்டரும் நானும் ஆளுக்குக் கொஞ்சமாகத் தேய்ப்போம், அவர் கைக்கு ஈடாகாது, இருந்தாலும் தேய்ப்போம். ஆனால் 'அவர் செய்தபடியே' என்று என் வாயால் சொல்ல முடியாது. அவர் செய்தபடி செய்ததால்தான் அவர் இல்லை.

இன்று காலையில் வெல்டரும் நானும் சேர்ந்து அந்த அறையின் கதவைக் கழற்றினோம். திருகாணி துருப்பிடித்திருந்தது, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இனி அந்த அறைக்குக் கதவு இல்லை. காற்று அடிக்கும், தண்ணீர் ஆடும், அளவு தப்பும். தங்கையிடம் சொன்னேன். "தப்பா இருந்தா இருக்கட்டும்ணே. நான் பந்தயத்துல பின்னாடி வந்துட்டுப் போறேன்" என்றார்.

கழற்றிய கதவைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி வந்தார். சாப்பாட்டு அடுக்கை எடுத்துப் போக வந்திருந்தார். அது நாலு நாளாக அந்த ஸ்டூலிலேயே இருந்தது. தொட எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அண்ணி கதவைப் பார்த்தார், காலியான நிலைச்சட்டத்தைப் பார்த்தார். "இப்ப எதுக்குக் கழட்டுறீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பிறகு என்னிடம் மெதுவாக, "நான் வந்து நின்னப்போ அவரு என்னைக் கூப்பிட்டிருப்பாரா?" என்று கேட்டார்.

அண்ணி, இப்போது சொல்கிறேன். எனக்குத் தெரியாது. கூப்பிட்டிருந்தாலும் அந்தச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது. ஒரு சுவர் தள்ளி இருந்த எனக்கே கேட்கவில்லை. கூப்பிட்டாரா இல்லையா என்று உங்களுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை, எனக்கும் தெரியப்போவதில்லை. இதைச் சுமந்துகொண்டுதான் நாம் இருக்கப்போகிறோம். இதை இறக்கி வைக்க என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

தோழர்களே, எல்லோரும் எழுந்து நில்லுங்கள். நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள். மூடிய அறைக்குள் தனியாக வேலை செய்கிற யாரையும் நாங்கள் இனிமேல் தனியாக விட மாட்டோம். அளவு கெட்டாலும் கதவைத் திறப்போம். வேலை கெட்டாலும் உள்ளே போவோம். திட்டினால் திட்டு வாங்கிக்கொள்வோம். 'அறிவில்லையா, சாத்து' என்று அவர் கத்துவதைக் கேட்க எங்களுக்கு இனிக் கொடுத்துவைக்கவில்லை.

சொல்லிவிட்டீர்களா? உட்காராதீர்கள். அண்ணி அந்தக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். வாருங்கள், எல்லோரும் அங்கே போவோம்.